கை காட்டிய இடம்

தட்டு கையை விட்டுப் போன கணம் தொடக்கம் அது பனிக்குள் போய் மறையும் வரைக்கும், மறைந்த பிறகும், எறிந்தவர் நடந்து வந்து அந்த இடத்தில் கையை விடும் வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் யோகமலரின் வேலை, தட்டை எறிந்து கம்பத்துக் கூடைகளில் ஒவ்வொன்றாகப் போடுகிற இந்த விளையாட்டில் அவளுக்கு வேறு வேலை இருந்ததில்லை, முந்தி கணவர் குகதாசன் எறிவார், அவள் பார்ப்பாள், இப்போது மகள் ஆரணி எறிகிறாள், அவள் பார்க்கிறாள். கோடையில் என்றால் புல்லில் மஞ்சள் தட்டு பத்துப் பேருக்குத் தெரியக் கிடக்கும். முழங்காலுக்கு மேலே பனி கிடக்கிற ஜனவரியில் தட்டு விழுவதில்லை, நுழைகிறது. உண்டியல் வாய் மாதிரி ஒரு கீறல் மிஞ்சும், காற்று ஒருமுறை ஊதினால் அதுவும் மூடிவிடும். அதற்காகத்தான் தட்டின் அடியில் இரண்டு கை விரித்த நீளத்துக்குச் செம்மஞ்சள் நாடாவை ஒட்டிவிடுகிறார்கள், தட்டு உள்ளே போனாலும் வால் வெளியே கிடக்கும். அப்படியிருந்தும் இரண்டாவது கூடையடியில் நாடாவின் நுனி ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. "அம்மா, கண்டனீங்களே?" என்று ஆரணி எறிமேடையில் நின்று கேட்டாள். "ஓம், கண்டனான். வளைஞ்ச மரத்துக்கு இடது பக்கம், ரெண்டு எட்டு வைச்சியெண்டால் சரி." ஆரணி வந்து கையை விட்டாள், தட்டு வந்தது. "பருந்து தோத்துப் போகும்" என்றாள், அது தகப்பனுடைய பேச்சு, அந்தக் குரலின் இழுவையும் அவருடையது, யோகமலருக்குக் கையுறைக்குள் விரல்கள் ஒடுங்கின. உண்மையில் கண்டாள், இதை உண்மையில் கண்டாள், வளைந்த மரம், இடது பக்கம், வெள்ளைத் துகள் கிளம்பியது, எல்லாம் கண்டாள். அப்படித் தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டு அவள் மகளின் அடிச்சுவட்டில் கால்வைத்து மூன்றாவது கூடைக்கு நடந்தாள், இன்னும் ஐந்து இருக்கிறது, ஐந்தில்லை, நாலு, ஏழாவதுக்கு இன்னும் நாலு.

அன்றைக்கு அவள் காணவில்லை. இதை இந்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள், சோறு வடிக்கும்போது, வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது, பஸ் கண்ணாடியில் தன்னுடைய முகம் தன்னைப் பார்க்கும்போது, ஆனால் வாயைத் திறந்து ஒருவருக்கும் சொன்னதில்லை. ஏழாவது கூடைக்குக் குகதாசன் எறிந்த நேரம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியபோது தட்டும் இல்லை, கீறலும் இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது. "மலர், எங்க விழுந்தது?" என்று அவர் கேட்டார். அவளுடைய கை எழும்பியது. "உதில, அந்தச் சின்னப் பைன் மரத்தடியில." அவர் போய் முழங்காலில் இருந்து தோண்டத் தொடங்கினார், இருபது நிமிடம், இருபத்தைந்தும் இருக்கும், பிறகு நெற்றியைப் பனியில் வைத்துக் கும்பிடுகிற மாதிரிக் குனிந்தார், களைப்பாக்கும் என்று அவள் நினைத்தாள், எழும்பட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் எழும்பவில்லை. இருதயத்தில் அடைப்பு மூன்று இடத்தில் இருந்தது, வீட்டுப் படியேறும்போதும் நடந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ஆரணி தமிழில் திருப்பிச் சொன்னாள். நடந்திருக்கும். ஆனால் படியில் நடக்கவில்லையே. இதை மட்டும் என்றால் அவள் தன்னோடு வைத்துக்கொண்டே செத்துப் போயிருப்பாள், தன்னுடைய சுமை தன்னுடைய தலையில். ஆனால் அது தன்னுடைய தலையில் மட்டும் இல்லை. அன்று விடிய அவர் மகளின் அறைக் கதவை மூன்று தரம் தட்டினார். "அப்பா, நித்திரை வருது, அடுத்த கிழமை வாறன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆரணி சொன்னாள், நான் வந்திருந்தால் நான்தானே அம்மா தோண்டியிருப்பன், அப்பாவை முழங்காலில இருக்க விட்டிருப்பனே? அன்றிலிருந்து அந்தப் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு மேல் படுத்ததில்லை, சனி ஞாயிறிலும் எழும்பிக் குசினிக்குள் வெறுமனே இருக்கும். "விதி, பிள்ளை" என்றாள் யோகமலர், முதுகைத் தடவினாள், என்ன வசதியான சொல் அது, எல்லா ஓட்டையையும் அடைக்கும். இப்போது வருகிற வியாழக்கிழமை ஆரணி வேலைக்கென்று தூரத்துக் கல்கரிக்குப் போகிறாள், போக முதல் ஒருக்கா அப்பாவின்ர தட்டுகளை எறிஞ்சிட்டுப் போறன், நீங்கள் வந்து பாருங்கோ என்றாள், அடுக்கிய பெட்டிகளுக்குள் உடுப்போடும் பாத்திரத்தோடும் அந்தப் பொய்யும் போகப் போகிறது, இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு ரெலிபோனில் சொல்கிற கதையா அது. காரில் வரும்போது சொல்வது என்று முடிவெடுத்தாள், காரை விட்டு இறங்கும்போது சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள், முதலாம் கூடையில் சொல்வது, இரண்டாவதில் வேண்டாம்.

நாலாவது கூடைக்கும் ஐந்தாவது கூடைக்கும் நடுவே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குட்டை நாயொன்றோடு வந்தார், ஆரணி முன்னால் போய்விட்டாள், அவர் நின்று ஓடைப்பக்கம் போகிற பாதையைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார், அவளுக்கு அதில் பாதை என்ற சொல் மட்டும் பிடிபட்டது. "யெஸ், யெஸ்" என்றாள், சிரித்தாள், கை தானாக எழும்பி ஓடைப்பக்கம் காட்டியது. அவர் நன்றி சொல்லி நாயை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். போன பிறகுதான் யோசனை வந்தது. என்ன கேட்டார், பாதை திறந்திருக்கிறதா என்றா, மூடியிருக்கிறதா என்றா, ஓடை உறைந்திருக்குமா என்றா, நான் எதற்கு ஓம் சொன்னேன், எங்கே அனுப்பினேன். திருந்தாத கை. எட்டாம் வகுப்பில் பூகோளம் படிப்பித்த செல்வநாயகி ரீச்சர் சுவரில் தேசப்படத்தைத் தொங்கவிட்டு ஒவ்வொருவராக எழுப்பி மகாவலி கங்கையைக் காட்டு என்பா, தெரியாது என்று நின்றவர்களுக்கு அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் விழும், பிழையாகக் காட்டியவர்களுக்கு அடியில்லை, "ம், இரு" மட்டும்தான். யோகமலர் கடலுக்குள் விரலை வைத்தாள். "ம், இரு." அந்த வருடமே அம்மாவுக்கு இயலாமல் போய்ப் பள்ளிக்கூடம் நின்றது, கங்கை எங்கே ஓடுகிறது என்று அவள் இன்றுவரைக்கும் அறியவில்லை, ஆனால் படிக்க வேண்டியதை அதற்குள் படித்துவிட்டாள், தெரியாது என்று சொல்லாதே, எதையாவது காட்டு. வங்கியிலும் காட்டினாள், டொக்டரிடமும் காட்டினாள், எங்கே நோகிறது என்றதற்கு நோகாத இடத்தைக்கூட ஒருமுறை காட்டியிருக்கிறாள். "அவர் என்னம்மா கேட்டவர்?" என்று ஆரணி திரும்பிக் கேட்டாள். "சும்மா, குளிரெண்டு சொன்னவர்." பார், அதற்கும் ஒரு பொய், மூச்சு விடுவது மாதிரி வருகிறது. ஐந்தாவது கூடைக்கு ஆரணி எறிந்ததை அவள் அரைக் கண்ணால்தான் பார்த்தாள், மற்ற அரைக் கண் ஓடைப்பக்கம் இருந்தது, கிழவர் இறங்கிய இடத்தில் பனி ஆளளவு இருக்கும், கீழே ஐஸ் மெல்லிசாக இருந்தால், நாய் குரைத்ததா, அது நாய்தானா. ஆறாவதடியில் நிற்கும்போது புதர் அசைந்தது, கிழவர் நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடுப்புவரை வெள்ளையாக ஏறி வந்தார், அவளைப் பார்த்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். தூஷணமாகத்தான் இருக்கும். உயிரோடு திட்டிக்கொண்டு போகிறாரே, அது போதும், அவள் மர வாங்குப் பலகையின் பனியைத் தட்டாமலே அதன்மேல் இருந்துவிட்டாள்.

குகதாசனுக்கு அந்தக் கையைப் பற்றித் தெரியும், அதுதான் அவளை வதைக்கிற இடம், முள் அங்கேதான் முறிந்து நிற்கிறது. அவர் செத்ததற்கு முதல்நாள் அவளுடைய தங்கச்சி வீட்டில் பிறந்தநாள், ஆட்கள் நிறைந்த வீடு, குகதாசனின் அத்தான்தான் தொடக்கி வைத்தார், "எங்கட குகன் விடிஞ்சால் ஸ்னோவுக்குள்ள கோப்பை எறியப் போயிடுவான், சாப்பிட்ட கோப்பையைக் கழுவப் பஞ்சியாம்" என்று. எல்லாரும் சிரிக்க, சிரிப்பைத் தன் பக்கத்திலிருந்து தள்ளிவிடத்தானாக்கும், குகதாசன் அவளைக் காட்டினார். "அதை விடுங்கோ அத்தான், இவவைக் காரில பக்கத்தில இருத்தி ரோட்டு மப் பார்க்கச் சொன்னன், இடது எண்டவ, பிறகும் இடது எண்டவ, போய்ப் பார்த்தால் ஹமில்ரன். கலியாணவீடு மார்க்கம் ரவுணில, நாங்கள் ஒரு மணித்தியாலம் தள்ளி ஹமில்ரன்ல. தெரியாது எண்ட சொல்லு இவவின்ர வாயில வராது, மகாராணிக்கு உலகத்தில தெரியாதது ஒண்டுமில்லை." என்ன சிரிப்பு அது, தங்கச்சியின் மருமகன்கூடச் சிரித்தான், அவன் அந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை. எட்டாம் வகுப்பு என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அது கேட்டது. அடுத்தநாள் காரில் அவள் ஒரு சொல் பேசவில்லை. ஏழாவது எறிமேடையில் அவர் நாடாவைப் பிய்த்து எடுத்தார், வால் இழுக்குது, நேராய்ப் போகுதில்லை என்றார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சமாதானத்துக்கு, "உன்ர கண் இருக்கேக்க நாடா என்னத்துக்கு" என்றார். அந்த இனிப்புக்கு மயங்குகிறவள் நானில்லை என்று அவள் வேண்டுமென்று திரும்பி நின்றாள். ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான் அவளுடைய கோபம். பிறகு, எங்கே விழுந்தது என்று கேட்கிறார், தெரியாது, பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், எந்த நாளும் இல்லாத ஒரு நாளாக அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், மகாராணிக்குத் தெரியாதாம் என்று அவர் சிரித்திருப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும், உயிரோடு சிரித்திருப்பார். அவள் பைன் மரத்தடியைக் காட்டினாள்.

அவர் தோண்டினார். ஐந்து நிமிடம் தோண்டினார், இல்லை. பத்து நிமிடம், இல்லை. முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவள் சொல்லியிருக்கலாம், ஒருவேளை மற்றப் பக்கமோ தெரியாது என்று மெல்லத் தொடங்கியிருக்கலாம், பத்தாவது நிமிடத்தில் சொல்லியிருக்கலாம், விடுங்கோ, இருபது டொலர் தட்டுத்தானே என்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் ஒரு கதவு மாதிரித் திறந்து திறந்து மூடியது, அவள் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, தான் காட்டிய இடத்தில் தட்டு வராதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள், வந்துவிட்டால் நல்லாயிருக்கும் என்று முருகனைக்கூடக் கூப்பிட்டாள், விழாத இடத்தில் தட்டை முருகன் எப்படி வைப்பான். அவர் நிமிர்ந்து ஒருமுறை அவளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, அதற்குப் பின்னால் கண் என்ன சொன்னதென்று தெரியவில்லை. "இதிலதானே மலர்?" என்றார். "இதிலதான்." அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்தார். அந்தத் தலையாட்டலைத்தான் அவள் இரண்டு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். முதல்நாள் ஊரைக் கூட்டி அந்தக் கதையைச் சொன்ன மனிசனுக்கு அவளுடைய கை தெரியாதா, ஹமில்ரன் தெரியாதா, பத்தாவது நிமிடத்திலேயே அவருக்கு விளங்கியிருக்கும், இவள் காணவில்லை என்று நிச்சயமாக விளங்கியிருக்கும், பிறகும் ஏன் தோண்டினார். ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தினேன், இன்றைக்கு அவள் காட்டிய இடம் சரியான இடம் என்று இருக்கட்டும் என்று நினைத்தாரா. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள் அவர், முப்பது வருடத்தில் ஒரு தரம் கேட்டதில்லை, இதுதான் அவர் கேட்ட விதமா, முழங்காலில் இருந்துகொண்டு, கையால் பனியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு. அப்படியென்றால் அது இன்னும் பொல்லாதது. இல்லையென்றால், உண்மையிலேயே நம்பித்தான் தோண்டினார் என்றால், அதுவும் பொல்லாதது. பனி கரைந்த பிறகு சித்திரையில் மூன்று தரம் தனியாக பஸ் ஏறி வந்து அந்தப் பக்கமெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தாள், பைன் மரத்தடியில் ஒன்றும் இல்லை, வேறெங்கும் இல்லை, யாரோ எடுத்திருப்பார்கள், அல்லது ஓடை கொண்டுபோயிருக்கும். தங்கச்சியிடம் சொல்வோமா என்று ஒருநாள் நினைத்தாள், தங்கச்சி தலையணைக்கும் சொல்லுவாள், வேண்டாம்.

ஏழாவது எறிமேடையை ஆரணி தும்புத்தடியால் கூட்டினாள். சீமெந்து நரைத்துத் தெரிந்தது. பைன் மரம் இரண்டு வருடத்தில் ஒரு முழம் வளர்ந்திருந்தது, அல்லது பனி தாழ்வோ, அவளால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் முடியவில்லை, மரத்தடியில் பனி ஒரு இடத்தில் புடைத்திருந்தது, முதுகு மாதிரி, குளிர் ஜாக்கெட் போட்ட முதுகு மாதிரி, பனிதான், பனி அப்படித்தான் குவியும், அது அசையாது, பார், அசையவில்லை. "அம்மா, குளிருதே?" "இல்லைப் பிள்ளை." ஆரணி தட்டைத் திருப்பி நாடாவைப் பிடித்து இழுத்தாள், பிசின் ஐஸாகிப் போய்ப் பிய்ந்து வந்தது. "என்ன செய்யிறாய்?" என்றாள் யோகமலர், குரல் தனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இதில மட்டும் நாடா இல்லாமல் எறியிறன். வால் இழுக்குது. நீங்கள் இருக்கிறியள்தானே." பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, பைன் மரத்தைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துக்கொண்டு, "நான் அண்டைக்கு எழும்பியிருக்கலாம்" என்றாள், வானிலை சொல்கிற மாதிரி. எறிந்தாள். யோகமலர் பார்த்தாள், அவளுடைய சீவியத்தில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை, கண் தண்ணீர் கட்டக் கட்ட விழித்துப் பார்த்தாள், தட்டு எழும்பியது, வெயில் பட்டு மஞ்சளாக ஒரு பொட்டு, பிறகு இடது பக்கம் சரிந்தது, மரத்தின் பக்கமாகப் போனது, மரத்தடியில் அந்த முதுகு, அவளுடைய கண் அங்கே போய்விட்டது, ஒரு மூச்சு நேரம்தான், திரும்பி வந்தபோது வானமும் பனியும் ஒரே நிறமாக இருந்தன, பொட்டு இல்லை.

"எங்கயம்மா விழுந்தது?"

கை எழும்பியது. தோளிலிருந்து எழும்பி, முழங்கை நீண்டு, விரல் எதையோ தேடிப் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் ஒரு மரக்குற்றி இருந்தது, சொல்வதற்கு வசதியான குற்றி, அதற்கு வலது பக்கம் ஐந்து அடி என்றால் யார் இல்லையென்பது. அவள் மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், பிறத்தியாருடைய பிள்ளையின் கையைப் பிடித்து இறக்குகிற மாதிரி.

"தெரியாது" என்றாள். "நான் காணேல்லை."

"சரி, பரவாயில்லை. தேடுவம்."

"அண்டைக்கும் காணேல்லை, ஆரணி."

ஆரணி எறிமேடையிலிருந்து இறங்கிய கால் இறங்கியபடி நின்றாள்.

"அப்பா எறியேக்க நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான். கோவத்தில. அவர் கேட்டவர், நான் சும்மா கையைக் காட்டினனான். அதில தட்டு இல்லை. அவர் தோண்டினது வெறும் இடம். நீ வந்திருந்தாலும் நான் அதைத்தான் காட்டியிருப்பன், நீ தோண்டியிருந்தாலும் அதில ஒண்டும் இல்லை. நித்திரை கொண்டது பிழையில்லை, பிள்ளை. நீ கொண்டது நித்திரைதானே."

பேசி முடித்த பிறகு வாய் திறந்தபடியே இருந்தது, குளிர் பல்லில் ஏறியது, தூரத்தில் பெருந்தெருவின் இரைச்சல் மட்டும் ஒரே மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. ஆரணியின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது, ஏதாவது நடந்தால் அதற்கு ஏற்ற மாதிரி அழலாம்.

"ஏன் காட்டினனீங்கள்?"

"கேட்டவர்" என்றாள் யோகமலர். "கேட்டால் நான் காட்டிப்போடுவன்."

"ரெண்டு வருசம்" என்றாள் ஆரணி, திரும்பிப் பனிக்குள் இறங்கினாள், நேரே போனாள், கால்கள் இரண்டும் ஆத்திரத்தோடு பனியை உடைத்தன, பைன் மரத்தைக் கடந்து போய்க் கண்டபாட்டுக்குத் தேடத் தொடங்கினாள், காலால் எத்தி, கையால் விசிறி, முகத்தை இந்தப் பக்கம் காட்டாமல். வா என்று சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. போய்விட்டது, வியாழக்கிழமை போவதற்கு முன்னமே பிள்ளை போய்விட்டது என்று யோகமலர் நினைத்தாள், அந்த நினைப்புக்குப் பின்னால் வேறொன்றும் வரவில்லை, வழக்கமாக அதன் பின்னால் பத்து வந்து வரிசையில் நிற்கும். அவளும் இறங்கினாள். மகளின் அடிச்சுவடு முன்னால் இருந்தது, அதில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது, வேறாக உடைத்துக்கொண்டு போனாள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனாள். பைன் மரத்தடியில் நின்றாள். புடைத்திருந்தது பனிதான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, பாவாடை மாதிரித் தொங்கிய தடித்த ஜாக்கெட்டை ஒதுக்கி, ஒரு முழங்காலை மடித்துப் பனியில் வைத்தாள், மற்றதையும் வைக்கப் போனாள், தோண்ட வேண்டும், தட்டுக்காக இல்லை, வெறுமனே, இருபத்தைந்து நிமிடம்.

"அம்மா."

ஆரணி முப்பது அடி தள்ளி நின்றாள், முதுகு இந்தப் பக்கம், தலையை மட்டும் பாதி திருப்பியிருந்தாள். கன்னம் சிவந்து நனைந்திருந்தது, குரலில் இரக்கம் என்று ஒரு துளி இல்லை, முதியோர் இல்லத்தில் கட்டில் விளிம்புக்கு வந்துவிட்ட கிழவியை அதட்டுகிற குரல் அது.

"முழங்கால் போடாதேங்கோ. நிண்டுகொண்டு தேடுங்கோ."

யோகமலர் மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.